உன் செங்கல்லை நீயே சுடு

“மாமா, இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது. விட்டுடுங்க.”

கிள்ளானில் என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. இரவு மணி பத்து. எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த அக்கா மகள், பழைய மடிக்கணினியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஜி-ஜிப் என்ற கோப்புச் சுருக்க நிரலின் மூலநிரலை இறக்கி, அதை எங்கள் கையாலேயே கட்டி நிறுவிப் பார்க்க உட்கார்ந்திருந்தோம். ஆரம்பித்த ஐந்தாவது நிமிடமே கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது: ஏற்கத்தக்க சி கம்பைலர் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த வரி என்னைச் சுடவில்லை. அவள் சொன்ன ‘நமக்கு’ சுட்டது.

‘எனக்கு வராது’ என்று சொல்லியிருந்தால் தூக்கம், களைப்பு என்று விட்டிருப்பேன். ‘நமக்கு’ என்றாள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அவள் பாட்டனிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். இருபது வயதில் ஒரு பயிற்சி நிலையத்தின் முன்மேசையில் இருந்தவர் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கணினியெல்லாம் உங்களுக்குக் கஷ்டம், வேறு கைத்தொழில் பாருங்கள் என்றார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அப்படித் தலையாட்டியதற்காக இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தத் தலையாட்டல்தான் வழிவழியாக இறங்கி அக்கா வீட்டு மேசைவரை வந்திருக்கிறது.

தம்பி, தங்கச்சி, அது உன்னிடமும் வந்திருக்கும். இன்றைக்கு அதை இறக்கி வை.

அந்தப் பிழைச் செய்தியை இன்னொரு தடவை படி. உன் அப்பா லாரி ஓட்டுகிறாரா, வழக்கறிஞரா என்று அது கேட்டதா? தமிழ்ப்பள்ளியில் படித்தாயா என்று கேட்டதா? உன் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்ததா? ஒரு சாமான் குறைகிறது என்றது, எந்தச் சாமான் என்றும் சொன்னது. அவ்வளவுதான். சாம்பார் வைக்கும்போது புளி இல்லையென்றால் ‘சமையல் நமக்கு வராது’ என்று அடுப்பையா அணைப்பாய்? கடைக்கு ஆள் அனுப்புவாய். அந்த மடிக்கணினியில் ஓடிய உபுண்டு இயங்குதளத்தில் அந்தக் கடைக்கு ஆப்ட் என்று பெயர். வாங்க வேண்டிய பொட்டலம் பில்ட்-எசென்ஷியல். ஒரே கட்டளை, கம்பைலர், மேக் என்று கட்டுமானச் சாமான் மொத்தமும் வந்து இறங்கிவிடும். மனிதர்கள் உன்னிடம் காரணம் சொல்லாமல் கதவைச் சாத்துவார்கள். கணினி அப்படிச் செய்வதில்லை. இவ்வளவு நேர்மையான வாத்தியார் உனக்கு வேறு எங்கே கிடைப்பார்?

அக்கா மகளை மறுபடி உட்கார வைத்தேன். ஆனால் உடனே கட்டளை அடிக்கவில்லை. கட்டப்போவது என்ன என்று தெரியாமல் கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஜாலான் தெங்கு கிளானாவில் சேலைக்கடைக்குப் போயிருப்பாய். அங்கே ஓர் அக்கா ஐந்தரை மீட்டர்ச் சேலையை நான்கு உதறலில் உள்ளங்கை அகலத்துக்கு மடித்துவிடுவார். பிரித்தால் ஒரு நூல்கூடக் குறையாது. கோப்புச் சுருக்கமும் அதுவே. ஜி-ஜிப் இரண்டு மடிப்புப் போடுகிறது. முதல் மடிப்பு 1977இல் ஆபிரகாம் லெம்பல், யாக்கோப் ஸிவ் என்ற இருவர் கண்ட வழி: ஏற்கெனவே வந்த ஒன்று மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாதே, ‘இத்தனை இடம் பின்னால் போய் இத்தனை எடுத்துக்கொள்’ என்று மட்டும் குறித்து வை. ஜி-ஜிப் இப்படி 32,768 பைட் வரை பின்னால் திரும்பிப் பார்க்கும். இரண்டாவது மடிப்பு டேவிட் ஹஃப்மனுடையது: அடிக்கடி வருவதற்குக் குட்டைக் குறி, எப்போதாவது வருவதற்கு நெட்டைக் குறி. தமிழில் ‘க’வுக்கு இரண்டு மூன்று பிட்டில் குறி கொடு, ‘ஔ’வுக்கு எத்தனை பிட் ஆனாலும் பரவாயில்லை என்பது மாதிரி.

இது நம் மொழிக்கு எவ்வளவு வேண்டிய வித்தை என்று பார். ‘தமிழ்’ என்று எழுது. கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் 15 பைட்! ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துச் சொல்லுக்கு ஐந்தே பைட் போதும். ஆனால் அந்த 15ஐத் திறந்து பார்த்தால் ஐந்து இடத்தில் ஒரே பைட் திரும்பத் திரும்ப நிற்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட்டும் அதுதான். இரண்டாம் பைட்டிலும் இரண்டே வகை. மடிப்பதற்கென்றே நெய்த சேலை! அன்றிரவு அவளுடைய பள்ளிக் கட்டுரைகளை ஒரே கோப்பாக்கிச் சுருக்கியபோது அது பாதிக்கும் கீழே இறங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள்.

ஹஃப்மன் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1951, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் தம் மாணவர்களுக்கு இரண்டு வழி கொடுத்தார்: இறுதித் தேர்வு எழுதலாம், அல்லது ஒரு கணக்கைத் தீர்த்துக் கட்டுரை கொடுக்கலாம். மிகச் சிறந்த குறிமுறையைக் காண்பதுதான் கணக்கு. ஹஃப்மன் கணக்கை எடுத்தார். மாதக்கணக்கில் முட்டினார். வரவில்லை. குறிப்புகளைக் குப்பையில் போட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போகலாம் என்று முடிவெடுத்த நேரத்தில் விடை பளிச்சென்று வந்தது. எல்லாரும் மரத்தை மேலிருந்து கீழே பிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர் கீழிருந்து மேலே கட்டினார். அதே கணக்கோடு ஃபானோவும், தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானனும் முட்டி, முழு விடை காணாமல் நின்றிருந்தார்கள். ஹஃப்மனுக்கு அது தெரியாது. ‘பெரியவர்களுக்கே வரவில்லை, நமக்கு எங்கே’ என்று சொல்ல யாரும் அவர் பக்கத்தில் இல்லை. 1952இல் அச்சான அந்த மாணவனின் வழி இன்று உன் கைப்பேசியில் ஒவ்வொரு பிஎன்ஜி படத்திலும், நீ அனுப்பும் வேர்டு ஆவணத்திலும் ஓடுகிறது.

ஜி-ஜிப் பிறந்ததும் தலையாட்ட மறுத்தவர்களால்தான். அப்போது யூனிக்ஸ் கணினிகளில் இருந்த சுருக்க நிரலின் வழிமுறைக்குக் காப்புரிமை இருந்தது. ‘எங்களைக் கேட்காமல் பயன்படுத்தாதே’ என்ற நிலை. ஜான்-லூப் கையி, மார்க் ஆட்லர் என்ற இருவர் காப்புரிமைச் சிக்கல் இல்லாத வழியில் புதிதாக எழுதி, 1992 அக்டோபர் 31 அன்று முதல் பதிப்பை வெளியிட்டார்கள். படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு கொடுத்தார்கள். அந்த உரிமத்தில் உன் பெயரும் அடக்கம், புரிகிறதா? கிள்ளானில் இருப்பவனுக்கு இல்லை என்று அதில் எழுதவில்லை.

இப்போது கட்டலாம்.

கம்பைலர் வந்தபின் மறுபடி ‘கன்ஃபிகர்’ ஓடவிட்டோம். அது வீடு கட்டுமுன் மண் பார்ப்பது மாதிரி: இந்தக் கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நூற்றுக்கணக்கான கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று வரி வரியாக ஓடியது. அதற்கு ஒரு குறிப்புக் கொடுத்திருந்தோம்: நிறுவும் இடம் கணினியின் பொது இடமாக இருக்க வேண்டாம், அவள் பெயரில் உள்ள கோப்புறைக்குள்ளேயே இருக்கட்டும் என்று. இதைக் கற்றுக்கொள். நிறுவுவதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டியதில்லை. பள்ளிக் கணினியோ நூலகக் கணினியோ, கம்பைலர் இருந்து விதியும் தடுக்கவில்லையென்றால் உன் கோப்புறையில் உன் கருவியை நீ கட்டிக்கொள்ளலாம்.

அடுத்து ‘மேக்’. மனிதர் எழுதிய சி வரிகள் எந்திரம் ஓட்டும் நிரலாக மாறின. அடுத்து ‘மேக் செக்’. பலர் அவசரத்தில் இதைத் தாண்டிவிடுவார்கள், தாண்டாதே. கட்டியது சரியாக மடித்துச் சரியாகப் பிரிக்கிறதா என்று அது தானே சோதித்து, ஒவ்வொரு சோதனைக்கும் ‘பாஸ்’ என்று எழுதியது. எஸ்.பி.எம். முடிவுக்குப் பயந்துகொண்டிருந்த பிள்ளை திரை முழுக்கப் ‘பாஸ்’ பார்த்துச் சிரித்தாள். கடைசியில் ‘மேக் இன்ஸ்டால்’. முடிந்தது என்று பதிப்பெண்ணைக் கேட்டால், கணினியில் ஏற்கெனவே இருந்த பழைய 1.10 என்றே வந்தது!

நாங்கள் கட்டியது 1.13. எங்கே போனது? ஒரு மணி நேரம் தேடினோம். அவள்தான் கண்டுபிடித்தாள். கட்டளை அடித்தால் கணினி எந்தெந்தக் கோப்புறையில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதற்குப் ‘பாத்’ என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பொது இடம் இருந்தது. அவள் இடம் இல்லவே இல்லை. அவள் கோப்புறையைப் பட்டியலின் முன்னால் சேர்த்து, புதுச் சன்னல் திறந்து கேட்டாள். 1.13. நள்ளிரவில் அக்கா எழுந்து வந்து என்ன சத்தம் என்று அதட்டும் அளவுக்குக் கத்தினாள்.

நீ கட்டியது சரியாகத்தான் இருக்கும். பட்டியலில் உன் இடம் இல்லாததால் யாரும் உன்னைக் கண்டிருக்க மாட்டார்கள். பட்டியலை நீயே திருத்து.

‘இவ்வளவு பாடு எதற்கு, தயாராகவே கிடைக்கிறதே’ என்பார்கள். கிடைக்கிறது, தினமும் அதையே பயன்படுத்து, தவறில்லை. ஆனால் ஒரு தடவையாவது அடியிலிருந்து கட்டிப் பார்த்தவனுக்குத்தான் எங்கே தட்டினால் எந்தச் சத்தம் வரும் என்று தெரியும். 2024 மார்ச்சில் நடந்தது இதற்குச் சாட்சி. எக்ஸ்-இசட் என்ற இன்னொரு சுருக்க நிரல், உலகம் முழுக்க லினக்ஸ் கணினிகளில் இருப்பது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், நம்பிக்கைக்குரிய பங்களிப்பாளர் என்று இரண்டாண்டுக்கு மேல் நடித்த ஒருவர் திருட்டுவாசல் வைத்துவிட்டார். வைத்த இடம் எது தெரியுமா? நிரலைக் கட்டும் படிகளுக்குள்ளேதான், சோதனைக் கோப்பு என்ற போர்வையில்! அதைப் பிடித்தவர் ஆந்திரஸ் ஃப்ராய்ண்ட் என்ற தரவுத்தளப் பொறியாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆனது. அந்த அரை வினாடியை அவர் விடவில்லை. நூல் பிடித்துப் போய் மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். தாம் பாதுகாப்பு ஆய்வாளர் அல்ல என்று அந்த அறிவிப்பிலேயே எழுதினார். நிபுணர் பட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வாசல் எத்தனை நாட்டுக்குள் திறந்திருக்கும்!

தொலைவில் உள்ளவர்கள் கதை போதும் என்கிறாயா? முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். 1985இல் முரசு மென்பொருளோடு கணினியில் தமிழைக் கொண்டுவரப் புறப்பட்டார். யூனிகோடின் முதல் பதிப்பே வந்தது 1991இல்தான். முரசு, ஜி-ஜிப் போன்ற திறந்த மூல மென்பொருள் அல்ல. அவரைச் சொல்வது வேறு காரணத்துக்காக. தமிழ் எழுத்தைக் கணினியில் காட்ட முடியுமா என்று அவர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. 2004இல் மலேசிய அரசு பொதுத்துறைக்குத் திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் வகுத்தது. நிலம் இங்கே எப்போதோ உழுது கிடக்கிறது. விதைக்க நீ வரவில்லை, அவ்வளவுதான் குறை.

அடுத்த சனிக்கிழமை கொமுட்டரில் கோலாலம்பூர் சென்ட்ரல் வந்து, இருவரும் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நடந்தோம். பூக்கடைகளைத் தாண்டும்போது அவளிடம் இந்த இடத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன். தெரியவில்லை. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடித்துப்போட்டன. அத்தாப்பும் மரமுமாக இருந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தக் கல்லுக்கு வேண்டிய மண்ணும் சூளையும் இங்கே இருந்தன. இந்த மண்ணை வெட்டி, அறுத்து, சுட்டுத்தான் நகரம் எழுந்தது என்றேன். அவள் பதில் சொல்லாமல் நடந்தாள்.

தேநீருக்கு உட்கார்ந்ததும் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள். இசட்-ஸ்டாண்டர்ட் என்ற வேறொரு சுருக்க நிரலின் மூலநிரலை இரவே இறக்கி வைத்திருக்கிறாள். ‘மேக்’ அடித்தாள். சிவப்பில் ஒரு பிழை வந்தது. நான் பார்க்கலாம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன்.

“இருங்க மாமா,” என்று என் கையை விலக்கினாள். “என்ன குறையுதுன்னு அதுவே சொல்லுது. நான் படிச்சுக்கிறேன்.”