விழாத மனிதனுக்கு ஒரு கைப்பிடிச்சுவர்



பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூலில், இருபத்திரண்டாம் அதிகாரத்தில், ஒரு சிறு கட்டளை உண்டு. பிரசங்கங்களில் அதை நீங்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, யாராவது அங்கிருந்து விழுந்து மாண்டால், அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் சுமரும் என்பது அதன் சாரம். அந்நாட்டு வீடுகளின் மேல்தளம் நம்முடைய கிடுகுக் கூரை, ஓட்டுக் கூரை போன்றதன்று. அது தட்டையானது. மக்கள் அதன்மேல் ஏறி உட்காருவார்கள், உறங்குவார்கள், அறுத்த பயிரைக் காயப்போடுவார்கள். ஆகவே விழுவதற்கும் இடமுண்டு.

இக்கட்டளையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கொலை செய்யாதே என்னும்போது கொல்லப்படுகிறவன் ஒருவன் நம் கண்முன் நிற்கிறான். களவு செய்யாதே என்னும்போது பொருளைப் பறிகொடுப்பவன் ஒருவன் இருக்கிறான். ஆனால் இங்கே விழப்போகிறவன் யார்? அவன் இன்னும் அந்த வீட்டுக்கே வரவில்லை. அவனுக்குப் பெயரில்லை, முகமில்லை. சுவர் கட்டப்பட்டால் அவன் விழவே போவதில்லை. யாரைக் காப்பாற்றினோம் என்பது வீட்டுக்காரனுக்கும் தெரியாது. யாரால் காப்பாற்றப்பட்டோம் என்பது அவனுக்கும் தெரியாது. இப்படிப்பட்ட ஒருவனுக்கு நாம் கடமைப்பட்டவர்களா? பட்டவர்களே என்கிறது வேதாகமம். அதுவும் இரத்தப்பழி என்ற கடுமையான சொல்லைப் பாவித்துச் சொல்கிறது.

செங்கலடிச் சந்தியில் நின்று பார்த்தால் இன்று தட்டைக் கூரைகளும் தென்படுகின்றன. சிலாப் போட்டு, மேல்மாடி பின்னொரு காலத்தில் கட்டலாம் என்று கம்பிகளை நீட்டி விட்டிருக்கிறார்கள். அநேகமாகக் கைப்பிடிச்சுவர் இல்லை. ஆனால் மாரி காலத்தில் அந்தச் சிலாப்பில் தேங்கும் தண்ணீரைப் பற்றியே இப்போது பேச வேண்டியிருக்கிறது. கூரையிலிருந்து ஒருவர் விழுவது அபூர்வம். அந்தத் தண்ணீரிலிருந்து எழும்பும் நுளம்பு அபூர்வமன்று.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்த தண்ணீரே அதற்கு விருப்பம். சிரட்டை, யோகட் கோப்பை, கழித்த டயர், அடைபட்ட பீலி, மூடாத தண்ணீர்த் தாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு என்று வீட்டோடு ஒட்டியே அது வாழ்கிறது. தண்ணீர் வற்றினாலும் அதன் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். முட்டை முழு நுளம்பாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் எடுக்கும். வாரத்துக்கு ஒரு தடவை வளவைச் சுற்றிப் பாருங்கள் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்வதன் காரணம் இதுதான். ஏழு நாள் என்பது அவர் நினைத்தபடி வைத்த கணக்கன்று. இந்த நுளம்பு நெடுந்தூரம் பறப்பதுமில்லை. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே பெரும்பாலும் அதன் ஆயுள் முடிந்துவிடும்.

இதன் பொருளைச் சற்றுச் சிந்தியுங்கள். டெங்குவால் ஒரு பிள்ளை இறந்தால், அந்தப் பிள்ளையைக் கடித்த நுளம்பு பெரும்பாலும் அதே ஒழுங்கையில் உள்ள வளவொன்றில் பிறந்ததாகவே இருக்கும். அந்த வளவுக்காரரும் மரண வீட்டுக்கு வந்திருப்பார். பந்தல் போட உதவியிருப்பார், உண்மையான துக்கத்தோடு தாய் தகப்பனின் கையைப் பிடித்திருப்பார். எந்த வளவின் நுளம்பு என்று அங்கே எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் விடை கிடையாது. “ஆண்டவரின் சித்தம்” என்கிறோம். குருவானவர்களாகிய நாமும் அந்த வார்த்தையைச் சற்று அவசரமாகவே சொல்லிவிடுகிறோம் என்பது நமது அபிப்பிராயம். ஆண்டவரின் சித்தம் சிரட்டையில் தண்ணீர் தேக்குவதில்லை.

2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குவால் பீடிக்கப்பட்டதாகப் பதிவாகியது. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நமது கிழக்கில் கிண்ணியா பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். இத்தனை மரணங்களுக்கும் கொலைகாரன் என்று ஒருவனும் இல்லை.

ஒழுக்க இறையியல் இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்டும். ஒரு செயல் பாவமாவதற்கு அறிவும் சம்மதமும் வேண்டும். அறியாமல் செய்தவன் குற்றவாளியல்லன். ஆனால் அறியாமையிலும் இரண்டு வகை உண்டு. எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. கொஞ்சம் முயன்றால் நீங்கிவிடும் அறியாமை மற்றொன்று. முன்னது மன்னிக்கப்படும், பின்னதற்கு நாமே பொறுப்பு. குருமடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது, இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு காலத்தோடு நகரும் என்பதை எவரும் அழுத்திச் சொன்னதாக ஞாபகமில்லை. 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சிக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் என்ற வைத்தியர் நுளம்பொன்றின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கு முந்திய நாள்வரை தேங்கிய தண்ணீர் வெறும் தண்ணீர். மலேரியா என்ற பெயருக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். காற்றுக்கு யார் பொறுப்பு? அன்றைக்குப் பிறகு அதே தண்ணீர் மனச்சாட்சியின் விடயமாகிவிட்டது. அறிவு வளர வளர நம்முடைய பாவங்களின் பட்டியலும் நீளுகிறது போலும். இது நமக்கு உவப்பான செய்தியல்ல. எனினும் அறியாமல் இருப்பதே மேல் என்று பிள்ளை பெற்றவர் யாரும் சொல்லமாட்டார்.

மலேரியாவைப் பற்றிச் சொல்லும்போது நம் நாட்டுக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. நீர் நிறைந்து ஓட வேண்டிய தென்மேற்கின் ஆறுகள் வற்றி, மணலிடையே குட்டைகளாக நின்றன. மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு ஓடும் ஆறு ஆகாது. இப்படி நிற்கும் குட்டைதான் தொட்டில். 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்று, சுமார் 80,000 பேர் மாண்டார்கள். அந்தப் பகுதி மக்களுக்கு இந்நோய் அதிகம் பழக்கமில்லாததால் அடி பலமாக விழுந்தது. நமது பக்கமோ குளிர்காய்ச்சலோடே வாழ்ந்து பழகியது. வீங்கிய மண்ணீரலும் கொயினாக் கசப்பும் அந்நாளில் இங்கே புதுமையல்ல.

பின்னர் டி.டி.ரி. வந்தது. 1946 முதல் நாடெங்கும் வீட்டுச் சுவர்களின் உட்புறத்தில் அதை அடித்தார்கள். இரத்தம் குடித்த நுளம்பு அருகிலுள்ள சுவரில் இளைப்பாறும், மருந்து பட்டுச் சாகும். 1946இல் இலட்சக்கணக்கில் இருந்த நோயாளர் தொகை 1963இல் பதினேழாகக் குறைந்தது. ஆம் வாசகரே, தீவு முழுவதிலும் பதினேழு பேர்.

அதன் பிறகு நடந்ததுதான் நம் கேள்விக்கு உரியது. நோய் தொலைந்தது என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள். காய்ச்சல்காரரின் விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்க்கும் வேலையிலும் முன்னைய கண்டிப்பு இல்லை. இல்லாத நோய்க்கு ஏன் பணம் என்ற கேள்வி நியாயமானதாகவே தோன்றியிருக்கும். 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இதற்குள் நுளம்பும் டி.டி.ரி.க்குப் பழகத் தொடங்கியிருந்தது. 1977இல் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாற நேர்ந்தது. கைப்பிடிச்சுவரால் யாரும் விழவில்லை என்பதையே சாட்சியாகக் காட்டி, சுவர் தேவையில்லை என்று இடித்துவிட்டதற்கு ஒப்பானது இது. நோய் தடுக்கும் பணியின் விசித்திரம் இதுதான். தோற்றால் எல்லோர் கண்ணுக்கும் படும். வென்றால் அது வீண்செலவு போலத் தோன்றும். குணமாக்கிய வைத்தியருக்கு வாழைக்குலையோடு போகிறோம். நோயே வராமல் காத்தவர் வந்தால் நாயை அவிழ்த்து விடாமலிருந்தாலே பெரிய காரியம்.

மீண்டும் எழும்ப நாற்பது வருடங்களுக்கு மேலானது. யுத்த காலத்திலும் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் ஊழியர்கள் வடக்கிலும் கிழக்கிலும் இரத்தம் சோதித்தார்கள், மருந்தூட்டிய வலைகள் கொடுத்தார்கள். இந்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த நாளில் நம் ஆலயங்களில் நன்றித் திருப்பலி எதுவும் நடந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

“என் வளவு, என் கிணறு, என் வேலி, இதற்குள் நுழைந்து பார்க்க அரசாங்கத்துக்கு என்ன அதிகாரம்?” என்று கேட்பவர்களும் உண்டு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது என்பது ஒரு பதில். சட்டத்தை விட்டுவிட்டு யோசித்தாலும் பதில் மாறாது. வேலி மாட்டைத் தடுக்கும், மனிதரைத் தடுக்கும். நுளம்பு அதை அறியாது. என் வளவில் விளைவது என் வளவோடு நிற்குமானால் உரிமைப் பேச்சுக்கு இடமுண்டு. எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டைக்குள் காலில் வெட்டுக்காயத்தோடு இறங்கும் வேளாண்மைக்காரர், சுகாதாரப் பணிமனையில் இலவசமாகக் கொடுக்கும் தடுப்பு மாத்திரையை வேண்டாமென்று விட்டால், ஆபத்து அவருக்குத்தான். அவரை நம்பியிருக்கும் குடும்பத்துக்குமுண்டு. அவரிடம் அன்பாகப் பேசலாம், வற்புறுத்த முடியாது. தண்ணீர் தேங்கிய டயரைக் குவித்து வைத்திருப்பவர் நிலை வேறு. அவர் பணயம் வைப்பது தன்னை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துத்தான். சின்னமுத்துத் தடுப்பூசி போட மறுக்கும் பெற்றோரும் இவ்வகையினரே. ஒன்பது மாதம் ஆகாத குழந்தைக்கு அந்த ஊசி போடுவதில்லை. சுற்றியுள்ள பிள்ளைகள் போட்டுக்கொண்டதுதான் அதற்குச் சுவர். 2019இல் இந்நாட்டை விட்டு நீங்கிவிட்டதென அறிவிக்கப்பட்ட சின்னமுத்து 2023இல் மீண்டும் தலைகாட்டியது.

ஆயினும் ஒரு விடயத்தில் எச்சரிக்கை வேண்டும். பழியைச் சுமத்துவது இலகு, அதுவும் ஏழைமேல் சுமத்துவது மிக இலகு. பதுளை வீதி வழியாகப் படுவான்கரைக்குள் போனால், வரட்சியில் கிணறு வற்றிப் பவுசர் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்கள் உண்டு. அங்கே பரலிலும் வாளியிலும் தண்ணீர் பிடித்து வைக்கும் தாயிடம் தண்ணீரைத் தேக்காதே என்பது கொடுமை. பரலுக்கு ஒரு மூடியோ, துணி கட்டும் வழியோ காட்டுவதுதான் நீதி. வடிகானை வெட்டி, அதன் வாயை மூடிவிட்டுப் போன ஒப்பந்தக்காரரும், அதற்குக் கையெழுத்திட்ட அதிகாரியும், குப்பை அள்ள உழவு இயந்திரம் அனுப்பாத சபையும் அந்தத் தாயைவிடப் பெரிய வீடு கட்டியவர்கள். வேதாகமக் கட்டளை வீடு கட்டுகிறவனை நோக்கித்தான் பேசுகிறது, வாடகைக்குக் குடியிருப்பவனை நோக்கியல்ல. எவரிடம் சுவர் எழுப்பும் வசதி இருக்கிறதோ, பழியும் அவரிடமிருந்துதான் கேட்கப்படும். இதில் நமது பங்கு வளவுகளும் பாடசாலைகளும் மடங்களும் விதிவிலக்கல்ல. கெபிகளுக்கு முன்னுள்ள பூச்சாடிகளைச் சொல்கிறோம்.

மலேரியாவின் கதையும் முடிந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் கடைசியில் மன்னாரில், இந்நாட்டில் முன்பு கண்டிராத ஒரு மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்பது அதன் பெயர். இந்திய நகரங்களில் நெடுங்காலமாக உள்ளது. ஆற்றுக் குட்டைக்காக அது காத்திருப்பதில்லை. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும். கிருமியோ ஆண்டுதோறும் ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் திரும்பும் பயணிகளின் இரத்தத்தில் வந்துகொண்டேயிருக்கிறது. இரண்டும் சந்திக்காமல் இன்று நடுவில் நிற்பவர்கள் சிலர்தாம்: படலையைத் தட்டி, கிணற்றுக் கட்டில் சாய்ந்து உள்ளே எட்டிப் பார்க்கும் ஓர் உத்தியோகத்தர், காய்ச்சலோடு வந்தவரின் நாடியைப் பிடித்தபடி, “சமீபத்தில் எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள்?” என்று கேட்கும் ஒரு வைத்தியர்.