எந்தத் தலத்துக்கு முதலில்?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சைவக் குடும்பம் வான் பிடித்து யாத்திரை புறப்பட மூன்று நாள் லீவு கிடைத்தால் நல்லூரா, திருக்கேதீச்சரமா, கோணேச்சரமா, கதிர்காமமா என்ற பேச்சு எழும். பாதையும் அறை வசதியும் பார்த்து அதைத் தீர்த்துவிடுகிறோம். எங்கும் நிறைந்தவனை வழிபட ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊரைத் தெரிவுசெய்ய என்ன நியாயம் என்று யாரும் கேட்பதில்லை. சம்பந்தர் இராமேச்சரக் கரையில் நின்றே கோணேச்சரத்தையும் கேதீச்சரத்தையும் பாடினார் என்பது மரபு. தீர்த்தமாடி என்ன பயன் என்று கேட்ட அப்பரோ, கயிலையை நாடி உடல் தேய நடந்தவர். இறைவனுக்கு நம் பயணம் தேவையில்லை, நமக்குத்தான் தேவை என்பதே இவ்விருவரிடமும் நான் காண்பது. அப்படியானால் நம்மை அதிகம் பண்படுத்தும் தலமே முதலில் வரவேண்டும்.

அது கதிர்காமம். நல்லூரில் நாம் வீட்டுக்காரர். மொழியும் பூசையும் பழகியவை. கதிர்காமத்தில் கப்புறாளைமார் வாய்கட்டிப் பூசை செய்கிறார்கள், மூலத்தானம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்தில் தெய்வானையம்மன் கோயில், பள்ளிவாசல், சற்றே அப்பால் கிரிவிகாரை. காவடி எடுக்கும் தமிழரும் பழத்தட்டு ஏந்தும் சிங்களவரும் ஒரே சந்நிதியில் நிற்கிறார்கள். வள்ளியைத் தம் குலமகள் என்று வேடர் உரிமை பாராட்டுகிறார்கள். என் தெய்வம் எனக்கு மட்டுமே உரியதன்று என்பதை எந்தப் பிரசங்கமும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லாது. 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலையிலும் இதே நிலைதான்: ஒரே பாதச்சுவட்டைச் சிவனுடையது, புத்தருடையது, ஆதமுடையது என்று நம்பி வருவோர் ஒரே படிகளில் ஏறுகிறார்கள்.

இதை மறுப்பவர்கள் உண்டு: கதிர்காமத்தில் தமிழர் வழிபாடு ஒதுங்கிவிட்டது, அங்கே போவது அதை ஏற்பதாகும்; போரில் பூட்டிக் கிடந்த கேதீச்சரத்தை நிரப்புவதே கடமை என்பார்கள். அந்த வலி உண்மையானது, நானும் அதைச் சிறிதாக்க மாட்டேன். ஆனால் மற்றவர் வருவதைவிட நாம் வராமல் விடுவதே நம் உரிமையைத் தேய்க்கிறது. செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக, உகந்தை தாண்டிக் குமணக் காட்டு வழியே கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரிகர் இதை அறிந்தவர்கள். போர் குலைத்த நடையை அவர்கள் மீண்டும் எடுத்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்தோறும் சைவரும் பௌத்தரும் மெழுகுதிரி ஏற்றுவதைப் பார்க்கும் கொழும்பாருக்கும் இது விளங்கும். 2019 ஏப்ரல் 21 அன்று அங்கு நடந்த குண்டுவெடிப்பு அந்த வரவை நிறுத்திவிடவில்லை.

வரும் ஆடியில் மூன்று நாள்தான் என்றால் கதிர்காமத்துக்குப் போங்கள். கேதீச்சரத்துக்குச் சிவராத்திரி இருக்கிறது.