சுவருக்குள் குடிவந்த நாலறிவுயிர்



குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கும் மேலே அடர்காட்டினுள் தேனருவி உள்ளது. அங்குள்ள பாறைகளில் தேனடைகள் தொங்குவதால் அப்பெயர் வந்தது என்பர். காட்டில் இருக்கும் வரை தேனீயால் நமக்கு இடரில்லை. அது வீட்டுச் சுவருக்குள் குடிவந்தால் என் செய்வது? சென்ற சாரல் காலத்தில் இவ்வினா என்முன் வந்து நின்றது.

தென்காசியில் என் மகள் குடியிருப்பது பழைய ஓட்டு வீடு. கூடத்துச் சுவரலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே அடுக்குத் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. மலைத்தேனீ வெட்டவெளியில் ஒற்றை அடை கட்டும்; இவையோ இருண்ட பொந்தில் பல அடைகளை அடுக்கிக் கட்டுவன. ஒருநாள் பேரனின் கண்ணருகே இரண்டு கொட்டிவிட்டன. முகம் வீங்கிவிட்டது. மாலைக்குள் மருமகன் கழியில் பழந்துணியைச் சுற்றிப் பந்தம் ஆயத்தம் செய்துவிட்டார்.

"அத்தை, பிள்ளை பெரிதா, பூச்சி பெரிதா?" என்றார். நியாயமான கேள்விதான். வாய்ப்பாடுபோல் ஒப்பிக்கும் விடை அதற்கில்லை.

புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வோர் அறிவாக ஏறிவரும் வரிசையைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. அவ்வரிசையில் தேனீ நாலறிவுயிர். இல்லறத்தார் செய்யும் ஹிம்சையையும் நம் முன்னோர் நான்காகப் பகுத்தனர்: வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, கொல்லவேண்டுமென்றே செய்வது. இறுதியிலுள்ள சங்கற்ப ஹிம்சையை இல்லறத்தாரும் அறவே விடவேண்டும். பேரன் அலறியபோது நான் கையால் நசுக்கிய ஈ தற்காப்பில் சேரும் எனலாம். இரவில் அடைமேல் ஒடுங்கியிருக்கும் ஆயிரக்கணக்கான உயிர்களை எரிப்பது எதில் சேரும்? கழியில் துணி சுற்றும்போதே சங்கற்பம் பிறந்துவிட்டதன்றோ!

அண்டைவீட்டார், "எரிக்க வேண்டாம், துளையைச் சிமெண்டால் பூசிவிடுங்கள்" என்றனர். கேட்க மென்மையாக இருந்தது. உள்ளே அவை பட்டினியால் மடியும். நம் கண்ணுக்குத்தான் தெரியாது.

மார்த்தாண்டம் பகுதியிலிருந்து வந்து பெட்டி வைக்கும் தேனீ வளர்ப்பவர் ஒருவரை மறுநாள் அழைத்தோம். பொழுது சாய்ந்தபின் தென்னைநார்ப் புகை காட்டிப் பலகையைக் கழற்றினார். ஏழு அடைகள். புழுக்கள் உள்ள அடைகளைச் சிதையாமல் அறுத்து, சட்டங்களில் வாழைநாரால் கட்டி, நியூட்டன் பெட்டியில் வைத்தார். 1910களில் அருட்தந்தை நியூட்டன் வடிவமைத்த பெட்டி அது. ராணி ஈ உள்ளே போனதும் மற்றவை வரிசையாகப் பின்தொடர்ந்தன. அருகில் வைத்தால் இரைதேடும் ஈக்கள் பழைய சுவருக்கே திரும்பும் என்று, பல கிலோமீட்டர் தள்ளியுள்ள தோப்புக்கு அன்றிரவே கொண்டுசென்றார். மெழுகின் மணம் வேறு கூட்டத்தை அழைக்குமாம். பொந்தைச் சுரண்டிக் கழுவிய பின்னரே அடைத்தோம்.

புறப்படுமுன் ஒரு கிண்ணத்தில் தேனை நீட்டினார். கள், ஊன், தேன் மூன்றும் நமக்கு விலக்கு. தானே ஒழுகிய தேனிலும் ஹிம்சை உண்டென்பது அமிர்தசந்திரர் கருத்து. "கூட்டம் இழந்ததை அதற்கே ஊட்டுங்கள்" என்றேன். "தேன்தானே அம்மா எனக்குக் கூலி!" என்றார். அதுவும் உண்மையே. தேனின் விலையையும் சேர்த்துக் கொடுத்தோம். பின்னாளில் அப்பெட்டியிலிருந்து அவர் தேன் எடுப்பார் என்பதை அறியாதவள் அல்லேன். என் முடிவு மாசற்றது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை.

விடியலில் கூடத்தைப் பெருக்கினேன். நாற்பத்தொரு ஈக்கள் இறந்து கிடந்தன. பேரன் எண்ணினான், வீங்கிய கண் அப்போது சற்றே திறந்திருந்தது. அன்றைய பிரதிக்கிரமணத்தில் அவ்வெண்ணிக்கையையும் சொல்லி மன்னிப்பு வேண்டினேன். இரவில் வெளியே தங்கிவிட்ட ஏழெட்டு ஈக்கள் இரண்டு நாள் அச்சுவரையே சுற்றின.

"வீட்டைத் தேடுது, ஆச்சி" என்றான் பிள்ளை. மருமகன் ஒன்றும் சொல்லாமல் கழியிலிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.