கண் பார்த்தது, கல்பு பார்த்ததா?



 நம் இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டி இடம் பிடித்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 1975-ல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது ஊருக்கு ஒரு பெட்டி இருந்தாலே அதிசயம். இன்று அது இல்லாத வீடு அதிசயம். அதில் வரும் பாட்டும் கூத்தும் ஆகாதவை என்பதை எடுத்துச் சொல்ல நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் வேறொரு வகைப் படங்களும் அதில் வருகின்றன. காட்டு விலங்குகள், கடல் வாழ் உயிர்கள், பறவைகள், வான மண்டலம் ஆகியவற்றைக் காட்டும் படங்கள் அவை. 1979-ல் இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் டேவிட் அட்டன்பரோ என்பவரைக் கொண்டு பூமியின் உயிர்களைப் பற்றிப் பதின்மூன்று பாகங்களில் ஒரு தொடரை வெளியிட்டது. அதன் பிறகு இத்தகைய படங்கள் பெருகின. 2011-ல் டிஸ்கவரி நிறுவனம் தமிழுக்கென்றே தனி அலைவரிசை தொடங்கியது. ஆகவே ஆங்கிலம் அறியாத நம் தாய்மார்களும் பிள்ளைகளும் இவற்றைப் பார்க்கிறார்கள்.

சில காலத்துக்கு முன் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். “ஆலிம்சா, எங்கள் வீட்டில் சினிமாவும் கிடையாது, பாட்டும் கிடையாது. லீவு நாள் வந்தால் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை மிருகங்களையும் நட்சத்திரங்களையும் பற்றிய படங்களைத்தான் பார்க்கிறார்கள். இது ஆகுமா, ஆகாதா? ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள்” என்றார். பிறகு சற்றுத் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். “பேரன் என்னிடம், ‘நன்னா, இதையெல்லாம் இயற்கை செய்தது என்று டி.வி.யில் சொல்கிறார்கள். மத்ரஸாவில் அல்லாஹ் செய்தான் என்று சொல்லித் தருகிறார்கள். எது சரி?’ என்று கேட்டான். நான் வாயை மூடு என்று சொல்லிவிட்டேன்” என்றார்.

அவருடைய முதல் கேள்வியைவிட இரண்டாவது செய்திதான் நம்மைக் கவலையில் ஆழ்த்தியது. பிள்ளையின் ஈமான் ஒரு கேள்வியோடு வாசலில் வந்து நிற்கும்போது நாம் கதவைச் சாத்திவிட்டால், அது வேறு எந்த வாசலுக்குப் போகும்?

பார்ப்பது ஆகுமா?

உருவப் படங்களைக் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலுக்காக இந்தப் பெட்டியையே வீட்டில் வைக்காதவர்களை நாம் மதிக்கிறோம். அவர்களைப் பழமைவாதிகள் என்று கேலி செய்வது பெரும் பிழை. ஆயினும் பெட்டி இருக்கும் வீடுகளே இன்று மிகுதி. அந்த வீட்டாருக்குத்தான் இந்த வார்த்தைகள்.

படைப்புகளை உற்று நோக்குவது மார்க்கம் வெறுத்த காரியமன்று, ஏவிய காரியம். ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா என்று திருமறையின் காஷியா அத்தியாயம் கேட்கிறது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் கடைசிப் பகுதி, வானங்கள் பூமியின் படைப்பிலும் இரவு பகல் மாறி வருவதிலும் அறிவுடையோருக்கு அத்தாட்சிகள் இருப்பதாகக் கூறுகிறது. அந்த அறிவுடையோர் நின்றும் இருந்தும் படுத்தும் அல்லாஹ்வை திக்ரு செய்கிறவர்கள் என்றும் அடையாளம் காட்டுகிறது. சிந்தனையும் திக்ரும் அங்கே ஒன்றாகச் சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் முன்னோர்கள் இதனை நன்கு விளங்கியிருந்தார்கள். பஸராவைச் சேர்ந்த அல் ஜாஹிழ், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே உயிரினங்களைப் பற்றிப் பல பாகங்களில் நூல் எழுதினார். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு அறிஞரான இமாம் தமீரி, எகிப்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 808-ல் மறைந்தவர். அவர் விலங்குகளை அகர வரிசைப்படுத்தி ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலை இயற்றினார். அதே பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதால் நாம் பார்ப்பதில்லை, பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணில் விழுவதால்தான் பார்க்கிறோம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோதித்து நிறுவினார். இருட்டறையின் சிறு துவாரம் வழியே ஒளி நுழைந்து உருவம் விழுவதையும் ஆராய்ந்தார். இன்றைய காமிராவின் தத்துவத்துக்கு அந்த ஆராய்ச்சியில் பெரும் பங்குண்டு. ஆகவே அறிவைக் கண்டு அஞ்சி ஓட வேண்டிய அவசியம் நமக்கில்லை.

இப்போது அந்த ஒரு நாளை வக்து வக்தாக எடுத்துப் பார்ப்போம்.

சுப்ஹுக்குப் பின்: தேனீ

காலையில் பெட்டியைத் திறந்தால் தேனீ வருகிறது. பூ இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ, கூட்டின் இருளில், அடையின் மீது எட்டு வடிவில் ஆடுகிறது. அது உடலை அசைத்து ஓடும் சாய்வு, சூரியனிலிருந்து எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைத் தெரிவிக்கிறது. அந்த ஓட்டம் நீடிக்கும் நேரம், எவ்வளவு தூரம் என்பதைத் தெரிவிக்கிறது. மற்றத் தேனீக்கள் அதனை விளங்கிக்கொண்டு பறக்கின்றன. இந்த மொழியைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் என்ற அறிஞருக்கு 1973-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கண்டறிந்தவருக்குப் பரிசு கொடுத்தார்கள், சரிதான். கற்றுக் கொடுத்தவனுக்கு நாம் என்ன கொடுத்தோம்? தேனீக்குத் தன் ரப்பிடமிருந்து அறிவிப்பு வந்ததென்று திருமறை கூறும் அத்தியாயத்துக்குத் தேனீயின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. வேலைக்காரத் தேனீ கோடை காலத்தில் சுமார் ஆறு வாரமே உயிர் வாழ்கிறது. அதன் ஆயுள் உழைப்பு, ஒரு தேக்கரண்டித் தேனில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான். பிஸ்மில்லாஹ் சொல்ல மறந்து ஒரு கரண்டித் தேனை விழுங்கும்போது எத்தனை ஆயுள்களை விழுங்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்!

லுஹரும் அஸரும்: பனிப் பறவை

நண்பகலில் தென் துருவத்தின் எம்பரர் பென்குயின் வருகிறது. தாய் ஒரே ஒரு முட்டையிட்டுத் தகப்பனிடம் ஒப்படைத்துவிட்டு இரை தேடிக் கடலுக்குப் போய்விடுகிறது. தகப்பன் அந்த முட்டையைத் தன் பாதங்களின் மீது ஏந்தி, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு, ஏறத்தாழ 65 நாட்கள் நிற்கிறது. உணவு இல்லை. உறையும் பனிப்புயல். முட்டை பனியில் உருண்டால் உள்ளே இருக்கும் உயிர் உறைந்துவிடும். ஆகவே ஆயிரக்கணக்கான தகப்பன்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்று, வெளியே நிற்பவை உள்ளேயும் உள்ளே நிற்பவை வெளியேயுமாக மாறி மாறிக் குளிரைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இதைப் பார்த்து வீட்டார் கண் கலங்குகிறார்கள். அப்போது அஸருக்கு பாங்கு சொல்லப்படுகிறது. “இதோ முடிந்துவிடும்” என்கிறார்கள். முடிந்ததும் அடுத்த படம் தொடங்கிவிடுகிறது. சூரியன் மஞ்சளிக்கிறது.

சகோதரர்களே! தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை 65 நாட்கள் பனியில் நின்று காக்கும் பறவையைப் பார்த்துக்கொண்டே, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட நான்கு ரக்அத் அமானிதத்தை நழுவ விடுகிறோம். அஸர் தொழுகை தவறிப் போனவர், குடும்பத்தையும் பொருளையும் பறிகொடுத்தவரைப் போன்றவர் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரியில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பறவை நமக்குப் பாடமாக வந்ததா, நமக்கு எதிரான சாட்சியாக வந்ததா என்பதைத் தீர்மானிப்பது பாங்கின் ஓசை கேட்ட பிறகு நம் கை செய்யும் காரியம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாள் முழுதும் எல்லோரும் அமர்ந்து பார்க்கும்போது, வீட்டுப் பெண்மணி மட்டும் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்றும் அன்னையார் கூறினார்கள். பென்குயின் தகப்பனைப் புகழும் ஆண்கள் இந்த ஸுன்னத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மஃரிபுக்கு முன்: இரையும் இரக்கமும்

சிங்கம் மானைப் பிடிக்கும் காட்சி வரும்போது குழந்தை அழுகிறது. “அல்லாஹ் ரஹ்மான் என்றால் மானை ஏன் காப்பாற்றவில்லை?” என்று கேட்கிறது. அதட்ட வேண்டாம். குழந்தையின் அழுகையே அல்லாஹ் அதன் உள்ளத்தில் வைத்த ரஹ்மத்துதான். எல்லா உயிர்களின் ரிஸ்கையும் அவனே பொறுப்பேற்றிருக்கிறான் என்றும், சிங்கக் குட்டியும் அவனுடைய விருந்தாளிதான் என்றும், அவனுடைய ஹிக்மத்தில் நாம் அறிந்தது கொஞ்சம், அறியாதது அதிகம் என்றும் சொல்லுங்கள். பிறகு அந்த இரக்கத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். குஞ்சுகளைப் பறிகொடுத்த தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு உத்தரவிட்ட சம்பவத்தைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் கோடைக் காலத்தில் மாடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். கடற்பறவைகள் மிதக்கும் பிளாஸ்டிக்கை இரையென்று எண்ணிக் குஞ்சுகளுக்கு ஊட்டும் பரிதாபத்தையும் இந்தப் படங்கள் காட்டுகின்றன. அதைப் பார்த்த வீட்டார் மறுநாளே பிளாஸ்டிக் பையைத் தெருவில் வீசினால், பார்த்ததன் பயன் என்ன?

இயற்கையா, இறைவனா?

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். பிள்ளைக்குப் புரியும்படி இப்படிச் சொல்லலாம்: “இயற்கை என்பது ஒரு ஆளின் பெயரன்று. அது பொருள்கள் நடந்துகொள்ளும் முறைக்கு மனிதர்கள் வைத்த பெயர். நெருப்பு சுடும், நீர் பள்ளத்துக்கு ஓடும் என்பதெல்லாம் அந்த முறை. முறையை அமைத்தவன் அல்லாஹ். காரணங்களை ஆராய்வது விஞ்ஞானியின் வேலை. காரணங்களுக்கெல்லாம் காரணமான முஸப்பிபுல் அஸ்பாபை அறிவது முஃமினின் வேலை. இரண்டையும் நீ செய்யலாம்.”

2022-ஆம் ஆண்டு அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான காட்விட் என்னும் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தைப் பதினோரு நாட்களில் இடையில் எங்கும் இறங்காமல் கடந்தது. அதன் முதுகில் பொருத்திய கருவி இதைக் காட்டிக் கொடுத்தது. கொழுப்பைச் சேமித்துக் கொண்டது, காற்றைப் பயன்படுத்திக் கொண்டது என்று விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள். விளக்கம் உண்மையே. ஆனால் பறவைகளை ஆகாயத்தில் தாங்கி நிற்பவன் ரஹ்மான் என்று முல்க் அத்தியாயம் உணர்த்துவதை அந்த விளக்கம் பொய்யாக்கவில்லை. அதன் விரிவாகவே நிற்கிறது.

ஆதம் (அலை) அவர்களின் படைப்பைக் குறித்து நம் அகீதா திருமறையில் தெளிவாக இருக்கிறது. அதற்கு மாறான சொல் படத்தில் வந்தால், நம் நம்பிக்கை இதுதான் என்று பிள்ளைக்கு அமைதியாகச் சொல்லிவிட வேண்டும். விளக்கம் போதவில்லையென்றால் அறிந்த ஆலிமிடமும், விஞ்ஞானம் கற்ற முஸ்லிம் ஆசிரியரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும். அதே வேளையில், திரையில் எதைக் கண்டாலும் “இது நம் வேதத்தில் முன்பே இருக்கிறது” என்று அவசரப்பட்டுச் சொல்லும் பழக்கமும் நல்லதன்று. விஞ்ஞானிகளின் கருத்து நாளை மாறலாம். மாறும்போது பிள்ளை எதைச் சந்தேகிக்கும்? திருமறை ஹிதாயத்துக்காக அருளப்பட்டது. அதனை மாறும் கருத்துகளோடு கட்டிப்போடக் கூடாது.

இஷாவுக்குப் பின்: வானம்

இரவில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பற்றிய படம். 2021 டிசம்பர் 25-ல் ஏவப்பட்டு, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, 1300 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் புறப்பட்ட ஒளியை அது வாங்கிக்கொண்டிருக்கிறது. பார்வையைத் திரும்பத் திரும்பச் செலுத்தினாலும் குறை காணாமல் அது களைத்துத் திரும்பும் என்று முல்க் அத்தியாயம் உணர்த்துவதை அப்போது நினைவூட்டுங்கள்.

பின்பு பெட்டியை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, தம் சிறிய தாயார் மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஓரிரவு தங்கினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் விழித்தெழுந்து, வானத்தை நோக்கி, ஆலு இம்ரானின் கடைசி வசனங்களை ஓதி, பின் ஒளூச் செய்து தொழுததை அவர்கள் கண்டார்கள். பார்த்தார்கள், ஓதினார்கள், தொழுதார்கள். முஸ்லிமின் பார்வை முடிய வேண்டிய இடம் இதுதான்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவது, எந்தப் படம், எத்தனை மணிக்கு என்று முன்பே தேர்ந்துகொள்ளுங்கள். நாள் முழுதும் திறந்து வைப்பது கல்வியன்று, பொழுதுபோக்கு. ஆரோக்கியமும் ஓய்வும் பலர் நஷ்டமடையும் இரு நிஃமத்துகள் என்ற நபிமொழியின் கருத்தை மறவாதீர்கள். இரண்டாவது, பாங்கு சொன்னால் பெட்டியை அணைத்துவிடுங்கள். ஒலியை மட்டும் குறைத்து வைப்பது அணைத்ததாகாது. மூன்றாவது, படம் முடிந்ததும் பத்து நிமிடமாவது பிள்ளைகளோடு பேசுங்கள். அவர்களைக் கேள்வி கேட்க விடுங்கள். நான்காவது, திரையில் கண்டதை நேரிலும் காட்டுங்கள். முற்றத்து எறும்பும் முருங்கை மரத்துச் சிட்டும் அவனுடைய படைப்புகளே. ஐந்தாவது, ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்ற வார்த்தை அந்த வீட்டில் ஒலிக்கட்டும். பிள்ளை அதைப் பெற்றோர் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

செவி, பார்வை, இதயம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்பது திருமறையின் எச்சரிக்கை. கண் எத்தனையோ கண்டது. கல்பு என்ன கண்டது என்ற கேள்விக்கு நாளை மஹ்ஷரில் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

யா அல்லாஹ்! உன் படைப்பைப் பார்க்கும் கண்ணையும், அதில் உன் குத்ரத்தை உணரும் கல்பையும், உனக்காக ஸுஜூதில் விழும் நெற்றியையும் எங்களுக்கும் எங்கள் சந்ததிகளுக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.