ஷீஷா: ஊரே இழுத்தால் ஆகுமானதாகிவிடுமா?



வளைகுடாவில் வேலை பார்த்து விடுமுறையில் ஊர் வரும் வாலிபர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஹஜ்ரத், சிகரெட் கூடாதுன்னு சொல்றீங்க, சரி. ஷீஷாவும் அப்படித்தானா? அங்கே அரபிகள் குடும்பத்தோட உட்கார்ந்து இழுக்கிறாங்களே, தொழுகையாளிகளும் இழுக்கிறாங்களே?”

புகை கெடுதலா என்று கேட்டால் அதற்கு மருத்துவர் பதில் சொல்லிவிடுவார். ஆனால் இந்தப் பிள்ளைகள் கேட்பது அதுவல்ல. ஒரு காரியம் எங்கும் பரவிவிட்டது, மரியாதைக்குரியவர்களும் செய்கிறார்கள் என்பதே அதற்கு அனுமதியாகிவிடுமா? இது மார்க்கம் சம்பந்தப்பட்ட கேள்வி. நிதானமாகப் பார்க்க வேண்டியது.

முதலில் யார் இழுக்கிறார்கள் என்று பாருங்கள். எகிப்திலும் வளைகுடாவிலும் ஷீஷா என்பதை லெபனான், சிரியா, ஜோர்டான் பக்கம் அர்கீலா என்பார்கள். நார்ஜீல் என்றால் தேங்காய். தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி இழுத்த காலத்தில் வந்த பெயர் அது. நம் நாட்டில் சொல்லும் ஹுக்காவும் அரபுச் சொல்தான், சிமிழ் என்று பொருள். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் இது பெரும்பாலும் வயதான ஆண்கள் காபிக்கடை மூலையில் உட்கார்ந்து செய்யும் காரியம். அந்தக் காரமான புகையிலை இளசுகளின் தொண்டைக்கு ஒத்துவராது.

1990களில் முஅஸ்ஸல் பரவியது. அஸல் என்றால் தேன். பாகில் ஊறவைத்து ஆப்பிள், திராட்சை, புதினா வாசம் ஏற்றிய புகையிலை. அதோடு ஆளே மாறிவிட்டது. லெபனானில் 2000களில் பள்ளி மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளில், 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அர்கீலா இழுப்பவர். சிகரெட் பிடித்த பிள்ளைகள் அதைவிட மிகவும் குறைவு. பெண் பிள்ளைகளும் இதில் வெகு தூரம் பின்தங்கி இல்லை. மகள் கையில் சிகரெட்டைக் கண்டால் வீட்டையே இரண்டாக்கும் தகப்பன், அர்கீலாக் குழாயை அவளுக்கு நீட்டுகிறார்! 2011இல் அந்நாடு 174ஆம் எண் சட்டம் போட்டு, மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, குழாய் மேசையில் இருக்கிறது.

தண்ணீர் விஷத்தை வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் துணை. தண்ணீர் புகையைக் குளிரச் செய்கிறது, அவ்வளவுதான். குளிர்ந்த புகை இன்னும் ஆழமாக உள்ளே போகும். உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பின்படி, ஒரு மணி நேரம் ஷீஷா இழுப்பவர் ஒரு சிகரெட்டில் வரும் புகையைப்போல 100 முதல் 200 மடங்கு புகையை உள்ளே இழுக்கக்கூடும். மேலே வைக்கும் கரித்துண்டு தரும் கார்பன் மோனாக்சைடு வேறு. “நான் இழுப்பது புகையிலை இல்லாத மூலிகை” என்று சொல்பவருக்கும் அந்தக் கரி அதே கரிதான்.

இனி மார்க்கத்திற்கு வருவோம். புகையிலை முஸ்லிம் நாடுகளுக்குள் வந்தபோது உலமாக்கள் ஒரே கருத்தில் இருக்கவில்லை. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் அதைத் தடைசெய்து, மீறியவர்களுக்கு மரண தண்டனை வரை கொடுத்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் டமாஸ்கஸின் பெரும் ஹனஃபி அறிஞர் அப்துல் கனி நாபுலுஸி, புகை ஆகுமானதே என்று தனி நூல் எழுதினார். போதையும் இல்லை, பொதுவான தீங்கும் நிரூபணமாகவில்லை. தடைக்கு ஆதாரம் இல்லாத எதுவும் அடிப்படையில் ஆகுமானதே என்பது அவர் வாதம். இதைக் காட்டி இன்றும் சிலர் வாதிடுகிறார்கள். அந்தப் பெரியவரின் நிபந்தனையை அவர்கள் கவனிப்பதில்லை. தீங்கு நிரூபணமாகவில்லை என்ற தூணின்மீதுதான் அந்தத் தீர்ப்பு நின்றது. தூண் போன பிறகு கூரையை மட்டும் பிடித்துத் தொங்கலாமா? தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான் என்பதில் எந்த மத்ஹபுக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

வழக்கமும் தீர்ப்பளிக்கும் என்று ஃபிக்ஹில் ஒரு விதி இருப்பது உண்மை. மஹர் தொகை, வாடகை, கூலி போன்றவற்றில் ஊர் வழக்கத்தைப் பார்ப்போம். ஆனால் தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பதும் அதே வரிசையில் நிற்கும் விதி. வழக்கம் என்பது தீங்கை நன்மையாக்கும் ரசவாதம் அல்ல.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஷீஷாவைப் பரப்புவது புகையிலை மட்டுமல்ல, அதைச் சுற்றி இருக்கும் உறவு. ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஒருவரை ஊர்விலக்கு செய்தால் “ஹுக்கா-பானி பந்த்” என்பார்கள். அவரோடு ஹுக்காவும் தண்ணீரும் பகிர்வதில்லை என்று அர்த்தம். குழாயை நீட்டுவது ‘நீ நம்மவன்’ என்று சொல்வது. மறுப்பது உறவை மறுப்பதுபோல் ஆகிவிடுகிறது. கெய்ரோவிலும் பெய்ரூத்திலும் ரமளான் கூடாரங்களில் இஃப்தார் முடிந்து ஸஹர் வரை ஷீஷா ஓடுவதும் இதனால்தான். பகல் முழுக்க அல்லாஹ்வுக்காகப் புகையை விட்டவர், இரவில் நண்பனுக்காக அதை எடுக்கிறார். விட முடியும் என்று பகலில் அவரே நிரூபித்துவிட்டாரே!

பச்சை வெங்காயம், பூண்டு சாப்பிட்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அவை ஹலாலான உணவுகள். ஆனாலும் பக்கத்தில் இருப்பவரின் சிரமம் கணக்கில் வந்தது. ஷீஷா மேசையில் தாயின் மடியில் இருக்கும் குழந்தை அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறது. அதற்கு எழுந்துபோகக் கால் இல்லை.

2022இல் நம் சட்டமன்றம் ஹுக்கா கூடங்களைத் தடைசெய்தது. நல்லது. ஆனால் ஷார்ஜாவிலும் தோஹாவிலும் ஓர் அறையில் ஆறு பேராக இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் எட்டாது. விடுமுறைக்கு முந்தின இரவு ஐந்து பேர் ஷீஷாக் கடைக்குக் கிளம்பினால், ஆறாவது பையன் புகைக்காக இல்லை, தனிமைக்குப் பயந்து கூடப் போகிறான். அந்த அறையில் வயதில் மூத்தவர் இதைப் படித்தால் அவரிடம் ஒரு வேண்டுகோள். அவனை மட்டும் திட்டி உட்கார வைக்காதீர்கள். அவனைக் கூட்டிக்கொண்டு கீழே போய் ஒரு கரக் சாய் வாங்கிக் கொடுத்து, ஊர்க் கதை பேசிக்கொண்டிருங்கள்.