வாங்கின விலையும் வியாபாரியின் பார்வையும் – ஜுமுஆ பயான்

 

ஜுமுஆ அத்தியாயத்தின் கடைசி வசனம் ஏன் இறங்கியது தெரியுமா? நபி (ஸல்) அவர்கள் நின்று குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போது ஷாமிலிருந்து உணவுப் பொருள் ஏற்றிய ஒட்டகக் கூட்டம் மதீனாவுக்குள் வந்தது. அது தட்டுப்பாடான காலம் என்று தஃப்ஸீர்களில் வருகிறது. ஜனங்கள் எழுந்து அங்கே போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் 12 பேர்தான் என்று புகாரியில் இருக்கிறது.

ஸஹாபாக்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த நேரத்து எண்ணத்தைப் பாருங்கள்: ‘இப்போது விட்டால் தீர்ந்துவிடும்.’ சரக்கு கண்ணுக்குத் தெரிகிறது. அதை அனுப்பியவன் தெரிவதில்லை.

இதே பயம் நஷ்டத்தில் வேறு மாதிரி வரும். ஒரு வெங்காய வியாபாரி கிலோ 40 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார். பத்து நாளில் விலை 28. விற்க மனம் வரவில்லை. ‘வாங்கின விலைக்குக் கீழே எப்படிக் கொடுப்பது?’ அதற்குள் மூட்டை முளைவிடுகிறது, பாதி அழுகுகிறது. விட்டதைப் பிடிக்க வட்டிக்கு வாங்கி இன்னும் இரண்டு லோடு இறக்குகிறார். பாவத்தின் வாசல் இப்படித்தான் திறக்கிறது. அவர் பார்ப்பது வெங்காயத்தை அல்ல, அந்த 40-ஐ.

உங்களையே கேட்டுப் பாருங்கள்: இந்தச் சரக்கு இன்று என் கையில் இல்லையென்றால், 28 கொடுத்து வாங்குவேனா? மாட்டேன் என்றால் எதற்காக வைத்திருக்கிறேன்? நடந்து முடிந்ததை நினைத்து ‘அப்படிச் செய்திருந்தால்’ என்று சொல்லாதீர்கள், அது ஷைத்தானுக்கு வழி விடும் என்ற கருத்தில் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. மய்யித் வீட்டில் இதை நினைவு வைத்துக்கொள்கிறோம்; கல்லாவில் உட்கார்ந்தால் மறந்துவிடுகிறோம். (விலை ஏறட்டும் என்று உணவுப் பொருளைப் பதுக்குவது தனிப் பாவம். அதை இன்னொரு ஜுமுஆவில் பேசலாம், இன்ஷா அல்லாஹ்.)

இந்தப் பயம் இல்லாத ஒருவரைச் சொல்கிறேன். ஜரீர் (ரலி) அவர்களின் ஆள் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து, பணம் வாங்கிக்கொள்ள அதன் சொந்தக்காரரையும் கூட்டி வந்தார். ஜரீர் (ரலி) குதிரையைப் பார்த்துவிட்டு, ‘இது 300-க்கு மேல் பெறும், 400-க்குத் தருகிறீரா?’ என்றார்கள். பிறகு 500, 600 என்று தாமே ஏற்றி, கடைசியில் 800 கொடுத்தார்கள். தப்ரானியில் வரும் சம்பவம் இது. விற்பவருக்கு விவரம் தெரியாது. நாமாக இருந்தால் ‘நல்ல பேரம்’ என்று வீட்டில் சொல்லியிருப்போம். அவர்களோ, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் பைஅத் செய்ததைக் காரணமாகச் சொன்னார்கள். அந்த 500 திர்ஹம் அவர்கள் கண்ணில் நஷ்டமாகவே படவில்லை.

அல்லாஹ் நம் கடைகளிலும் மண்டிகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. போனை அணைத்துவிடுங்கள். தொழுதுவிட்டுப் போய் விலை கேட்டுக்கொள்ளலாம். போகச் சொல்வதும் அதே அத்தியாயம்தான்.