காணாமல் பாடிய கேதாரம்

எங்கள் சுன்னாகத்தில் மலையுமில்லை, ஆறுமில்லை. செம்மண்ணைக் கிண்டினால் சுண்ணாம்புக்கல். அதனால்தானோ என்னவோ, கௌரிகுண்டிலிருந்து மந்தாகினிப் பள்ளத்தாக்கு வழியே கேதாரத்துக்கு ஏறுகையில் என் கண் பனிச்சிகரங்களிலேயே கிடந்தது. பஞ்சாட்சரம் நாவில் நிற்கவில்லை.

"தம்பி, சாமி கும்பிட வந்தனியோ, விடுப்புப் பார்க்க வந்தனியோ?" கூட வந்த பெரியவர் கேட்டார்.

"ரெண்டுக்கும்தான் ஐயா."

மனதாரவே சொன்னேன். கேதாரத்தைச் சம்பந்தர் காளத்தியில் நின்றபடியே பாடினார் என்கிறது பெரியபுராணம். கயிலைக்கு உடல் தேய ஊர்ந்த அப்பரை இறைவன் பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் காட்சி கொடுத்தான். அங்கே அவர் முதலில் கண்டவை பிடியோடு வந்த களிறு, பெடையோடு வந்த கோழி, குயில். அவற்றிலேதான் அம்மையப்பரைக் கண்டார். அப்படியானால் மலையழகில் கண் வைப்பது பக்திக்குக் குறைவாகுமா? ஆகாது என்றே நம்புகிறேன்.

ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. 2013 ஜூன் வெள்ளத்தில் கோயில் தப்பியதை அருள் என்கிறார்கள். அதே பள்ளத்தாக்கில் மாண்ட ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் அவனைத் தேடி வந்தவர்கள்! கல் நின்றதை மட்டும் அருட்கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.